செல்ஃப் எடுக்காத காரும், எடுத்தும் பிடிக்காத காரும்

கேட்டிருப்பது இது: ஒன்பது ஆண்டுகள் ஓடிய பெட்ரோல் கார், கையால் கியர் போடும் வண்டி. பதினைந்து நாள் வெளியூர் போய்விட்டு வந்து சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரே ஒரு சத்தம், அவ்வளவுதான். டாஷ்போர்டு விளக்குகள் எரிகின்றன. பேட்டரிக்கு மூன்றரை வயது. தெருமுனை மெக்கானிக், இன்ஜினைச் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டாரை மாற்ற வேண்டும் என்கிறார். பேட்டரிக் கடைக்காரர் பேட்டரி போய்விட்டது என்கிறார். வெள்ளிக்கிழமை குடும்பத்தோடு பழநிக்குப் போக வேண்டும். யாரை நம்புவது?

இப்போதைக்கு யாரையும் நம்ப வேண்டாம். ஏமாற்றுகிறார்கள் என்று சொல்லவில்லை. இருவரில் ஒருவர் சொல்வது சரியாகவே இருக்கலாம். ஆனால் நீங்கள் எழுதியதில் ஒரு வரியைத் தேடினேன், கிடைக்கவில்லை: மீட்டர் வைத்துப் பார்த்தார்கள் என்ற வரி. பார்த்திருந்தால் எண்ணைச் சொல்லியிருப்பார்கள், நீங்களும் எழுதியிருப்பீர்கள். எண் இல்லாமல் சொல்லப்படும் எந்தக் காரணமும் ஊகம்தான். ஊகத்துக்கான விலையை நீங்கள்தான் கொடுக்கப்போகிறீர்கள்.

நான் முப்பது ஆண்டுகளாக மதுரையில் வண்டிகளின் எலெக்ட்ரிகல் வேலை பார்க்கிறேன். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று போன் வந்தால் முதலில் கேட்பது, செல்ஃப் எடுக்கிறதா என்பதைத்தான். சாவியைத் திருப்பியதும் இன்ஜின் 'கர்ர் கர்ர்' என்று சுற்றும் சத்தம் கேட்டால் செல்ஃப் எடுக்கிறது, இன்ஜின்தான் பிடிக்கவில்லை. அது பெட்ரோல், தீப்பொறி, காற்று பற்றிய வழக்கு. சத்தமே இல்லை, அல்லது 'டக்' மட்டும் என்றால் விஷயம் இன்ஜின் வரைக்கும் போகவே இல்லை. பேட்டரியிலிருந்து செல்ஃப் மோட்டார் வரை உள்ள நான்கைந்து அடிக் கம்பிக்குள்ளேயே பெரும்பாலும் விடை இருக்கும். இரண்டையும் குழப்பிக்கொண்டு, செல்ஃப் எடுக்காத வண்டிக்கு ஸ்பார்க் பிளக் மாற்றிவிட்டு வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

உங்கள் வண்டிக்கு வருவோம். செல்ஃப் மோட்டாரின் முதுகில் ஒரு சிறிய உருளை உட்கார்ந்திருக்கும். அதற்குச் சோலனாய்டு என்று பெயர். அதற்குள் இரண்டு சுருள்கள் உண்டு. ஒன்று முரட்டுச் சுருள், உள்ளே இருக்கும் இரும்புத் தண்டை வெடுக்கென்று இழுக்கும். மற்றது மெல்லியது, இழுத்த தண்டை அதே இடத்தில் பிடித்துவைக்கும். தண்டு இழுபடும்போது முன்பக்கத்தில் பற்சக்கரம் இன்ஜினின் பெரிய சக்கரத்தோடு போய்க் கோத்துக்கொள்கிறது, பின்பக்கத்தில் ஒரு செப்புத் தகடு இரண்டு செப்புப் போல்ட்டுகளின் மேல் போய் மோதுகிறது. நீங்கள் கேட்ட 'டக்' அதுதான். தகடு மோதியதும் பேட்டரியின் முழு மின்சாரமும் மோட்டாருக்குள் பாய வேண்டும், பெட்ரோல் காரில் 100 முதல் 200 ஆம்பியர் வரை. சோலனாய்டு தன் வேலையைச் செய்துவிட்டது, அடுத்தவர் செய்யவில்லை என்றே அந்தச் சத்தத்தைப் படிக்க வேண்டும்.

'டக்டக்டக்டக்' என்று தொடர்ச்சியாகக் கேட்டால் கதை வேறு. பேட்டரியில் தெம்பு இல்லை. தகடு மோதியதும் வோல்டேஜ் சரிந்துவிடுகிறது, மெல்லிய சுருளால் தண்டைப் பிடித்துவைக்க முடியவில்லை, தண்டு விலகுகிறது, சுமை நீங்கியதும் வோல்டேஜ் ஏறுகிறது, மறுபடி இழுக்கிறது. ஒற்றை 'டக்' இவ்வளவு தெளிவாகப் பேசாது. பேட்டரி, அதன் குமிழைக் கவ்வும் டெர்மினல், பேட்டரியின் மைனஸை இன்ஜினோடும் பாடியோடும் இணைக்கும் எர்த் கம்பி, சோலனாய்டின் செப்புத் தகடு, மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் என்று ஐந்து பேர் மேலும் சந்தேகம் விழுகிறது. உங்கள் மெக்கானிக்கும் பேட்டரிக் கடைக்காரரும் ஆளுக்கொருவரைப் பிடித்துக்கொண்டார்கள்.

டாஷ்போர்டு விளக்கு எரிகிறதே, அப்படியானால் பேட்டரி நன்றாகத்தானே இருக்கிறது என்று நினைக்கத் தோன்றும். அந்த விளக்குகள் குடிப்பது ஓரிரு ஆம்பியர். செல்ஃப் கேட்பதோ அதைப்போல நூறு மடங்கு. குழாயில் சொட்டுகிறது என்பதை வைத்துத் தொட்டி நிறைந்திருக்கிறது என்று சொல்ல முடியுமா? அதேபோல, பேட்டரியின் மேல்மூடியில் இருக்கும் பச்சைக் கண்ணையும் நம்ப வேண்டாம். உள்ளே ஆறு அறைகள் இருக்கின்றன, அந்தக் கண் எட்டிப் பார்ப்பது ஒன்றை மட்டும். மற்ற ஐந்தில் ஒன்று செத்திருந்தாலும் அது பச்சையாகவே சிரித்துக்கொண்டிருக்கும்.

காசு செலவில்லாத சோதனை ஒன்றை முதலில் செய்யுங்கள். வண்டியைச் சுவரைப் பார்த்து நிறுத்தியிருந்தால் நல்லது, இருட்டிய பிறகு என்றால் இன்னும் நல்லது. ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு, சுவரில் விழும் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே சாவியைத் திருப்புங்கள். 'டக்' கேட்கும் நேரத்தில் வெளிச்சம் அடியோடு மங்கி மஞ்சளாகிப் போனால், செல்ஃப் மின்சாரம் கேட்கிறது, கொடுப்பவரால் கொடுக்க முடியவில்லை. பேட்டரியும் அதன் இணைப்புகளும்தான் முதல் சந்தேகம். இறுகிப்போன செல்ஃபும் இப்படி மங்க வைக்கும், ஆனால் அது அபூர்வம். 'டக்' கேட்டும் வெளிச்சம் அசையாமல் இருந்தால், மின்சாரம் மோட்டாருக்குள் நுழையவே இல்லை. சோலனாய்டின் தகடு கருகியிருக்கலாம், பிரஷ் தேய்ந்திருக்கலாம், செல்ஃபுக்குப் போகும் கம்பியிலோ இன்ஜினின் எர்த்திலோ தடை இருக்கலாம். சத்தமும் இல்லை, வெளிச்சமும் அசையவில்லை என்றால் சாவியின் கட்டளை சோலனாய்டுக்கே போய்ச் சேரவில்லை. ரிலே எனும் மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச், ஃப்யூஸ், சாவி சுவிட்ச், கிளட்ச் மிதியின் அடியில் இருக்கும் சிறு சுவிட்ச் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஆட்டோமேட்டிக் வண்டியாக இருந்தால் கியரை நியூட்ரலில் வைத்து ஒருமுறை முயன்று பார்ப்பது வழக்கம். பார்க்கில் எடுக்காத செல்ஃப் நியூட்ரலில் எடுத்தால் கோளாறு கியர் நெம்புகோலின் சுவிட்சில்.

அடுத்தது மீட்டர். சில நூறு ரூபாய்க்கு எந்த எலெக்ட்ரிகல் கடையிலும் மல்டிமீட்டர் கிடைக்கும். இருபது வோல்ட் டிசியில் வைத்து, பேட்டரியின் இரண்டு ஈயக் குமிழ்களின் மேலேயே முனைகளை அழுத்துங்கள். குமிழைக் கவ்வியிருக்கும் டெர்மினலின் மேல் வைக்க வேண்டாம், ஏன் என்று பிறகு சொல்கிறேன். சில மணி நேரமாவது ஓய்ந்து நின்ற வண்டியில் 12.6 காட்டினால் நிறைந்த பேட்டரி. 12.4 என்றால் முக்கால். 12.2 என்றால் பாதி. 12.0 வந்துவிட்டால் கால்வாசிதான் மிச்சம். 11.8க்குக் கீழே காலி என்றே வைத்துக்கொள்ளுங்கள். 12 வோல்ட் பேட்டரியில் 12 இருக்கிறதே, போதாதா என்று கேட்பவர்கள் நிறையப் பேர். போதாது.

உங்கள் பதினைந்து நாள் கணக்கை இங்கே போட்டுப் பார்க்கலாம். வண்டி பூட்டிக் கிடக்கும்போதும் கடிகாரம், சென்ட்ரல் லாக், அலாரம் எல்லாம் சொட்டுச் சொட்டாகக் குடித்துக்கொண்டிருக்கும். 50 மில்லி ஆம்பியர் வரை குடித்தால் குறை சொல்ல முடியாது. அந்த உச்ச அளவிலேயே நாளொன்றுக்கு 1.2 ஆம்பியர் மணி, பதினைந்து நாளில் 18. சின்னக் காருக்குப் போடும் பேட்டரி 35 ஆம்பியர் மணி அளவில் இருக்கும். பாதி போயிற்று. நம் ஊர் வெயிலில் மூன்றரை ஆண்டு வெந்த பேட்டரியில் அந்த 35ம் முழுதாக இருக்கப்போவதில்லை. குளிர்நாட்டில் பேட்டரி குளிர்காலத்தில் காலை வாருவது எல்லோருக்கும் தெரிந்த கதை. நம் ஊரில் அதைச் சித்திரை வெயில் உள்ளிருந்தே அரித்துவிடும், பழி மட்டும் மழைக்காலத்தின் மேல் விழும். ஆக, ஒரு கோளாறும் இல்லாமலேயே உங்கள் வண்டி இப்படி நின்றிருக்கக்கூடும். டேஷ் கேமராவோ ஜிபிஎஸ் கருவியோ நேரடியாகப் பேட்டரியில் கோத்து வைத்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

இப்போது இன்னொருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு, அதே குமிழ்களில் மீட்டரைப் பாருங்கள். நான்கு விதமாக நடக்கலாம். எண் 12.5லிருந்து 7, 6 என்று சரிந்தால், ஓய்வில் நல்ல பிள்ளையாக இருந்த பேட்டரி சுமை வந்ததும் படுத்துவிட்டது, உள்ளே ஏதோ ஓர் அறை போயிருக்கலாம். முதலிலேயே 12க்கு அருகில் இருந்து சரிந்தால் அது காலியான பேட்டரியாக இருக்கலாம், இறந்த பேட்டரி என்று உடனே சொல்லிவிடக் கூடாது. செல்ஃப் சுற்றும்போது 9.6க்குக் கீழே இறங்காமல் நின்றால் பேட்டரி தேறிவிட்டது என்று பொருள். எண் அசையவே அசையாமல் 12.4லேயே நின்று 'டக்' மட்டும் கேட்டால், பேட்டரி கொடுக்கத் தயாராக இருக்கிறது, வழியில் யாரோ மறிக்கிறார்கள்.

மறிப்பவர் பெரும்பாலும் டெர்மினல்தான், அல்லது எர்த். நான் பார்த்த ஒற்றை 'டக்' வழக்குகளில் இந்த இருவரும் சேர்ந்து செல்ஃப் மோட்டாரை எளிதாகத் தோற்கடித்துவிடுவார்கள். காரணம் கணக்கில் இருக்கிறது. ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கு தடை, வீட்டு மீட்டரில் காட்டவே காட்டாத அளவு. 150 ஆம்பியர் பாயும்போது அது மட்டுமே ஒன்றரை வோல்ட்டை விழுங்கிவிடும். டெர்மினலுக்கும் குமிழுக்கும் நடுவில் காகிதக் கனத்துக்கு வெள்ளைப் பொருமல் பூத்திருந்தால் இந்தத் தடை வந்துவிடும். விளக்குக்கு வேண்டிய சில ஆம்பியரை அந்தப் பொருமல் தடுக்காது. அதனால்தான் எல்லாம் எரிகிறது, செல்ஃப் மட்டும் எடுக்கவில்லை. இதைப் பிடிக்கத்தான் குமிழின் மேல் வைக்கச் சொன்னேன். ஒரு முனையைக் குமிழிலும் மறு முனையை அதைக் கவ்வியிருக்கும் டெர்மினலிலும் வைத்துச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். இரண்டும் தொட்டுக்கொண்டிருக்கும் உலோகங்கள், எண் பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால் திருடன் அங்கேதான்.

சுத்தம் செய்வது அரை மணி நேர வேலை. கை மோதிரம், காப்பு, உலோகப் பட்டை போட்ட கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். பெரும்பாலான வண்டிகளுக்கு 10 எண் ஸ்பேனர் போதும். முதலில் மைனஸ் பக்கம். பிளஸ்ஸை முதலில் கழற்றப் போய் ஸ்பேனரின் வால் பாடியில் பட்டால், வெல்டிங் பட்டறை போலப் பொறி பறக்கும். சமையல் சோடாவைக் கரைத்த வெந்நீரைக் கொஞ்சமாக ஊற்றினால் பொருமல் நுரைத்துக் கரைந்து போகும். கரைந்ததும் வேலை முடிந்ததாக நினைத்து மாட்டிவிடுவார்கள். டெர்மினலின் உட்புற வளையத்தைத் திருப்பிப் பாருங்கள், அடுப்புக்கரி படிந்த பாத்திரம் போலக் கறுத்து ஒரு தோல் இருக்கும். உப்புத்தாளால் ஈயம் பளிச்சென்று தெரியும்வரை அதைச் சுரண்ட வேண்டும், குமிழையும் அப்படியே. மாட்டும்போது பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில். முடுக்கிய பிறகு கையால் முறுக்கிப் பார்த்தால் டெர்மினல் ஒரு மயிரிழைகூடத் திரும்பக் கூடாது. அதன் பிறகுதான் மேலே வாசலின், முன்பே தடவினால் பயனில்லை.

எர்த் விஷயத்தில் நானே ஒருமுறை நன்றாக ஏமாந்திருக்கிறேன். பட்டறை தொடங்கிய புதிதில் ஒருவர் இதே 'டக்'குடன் வந்தார். பேட்டரி நன்றாக இருந்தது, டெர்மினல் சுத்தமாக இருந்தது. செல்ஃபைக் கழற்றி மேசையில் வைத்துச் சுற்றினேன், சுற்றியது. ஆனாலும் பிரஷ் தேய்ந்திருப்பதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டு மாற்று செல்ஃப் வாங்கிப் போட்டேன். அதுவும் 'டக்'. எரிச்சலில், ஒரு பேட்டரியிலிருந்து இன்னொன்றுக்கு மின்சாரம் கொடுக்கப் பயன்படும் தடித்த ஜம்பர் கேபிள் ஒன்றை எடுத்து, ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸிலும் மறு முனையை இன்ஜின் தூக்கும் கொக்கியிலும் மாட்டிவிட்டுச் சாவியைத் திருப்பினால், இன்ஜின் பம்பரம் போலச் சுற்றியது. பேட்டரித் தட்டுக்கு அடியில் போகும் எர்த் கம்பியை இழுத்துப் பார்த்தேன். மேலே கறுப்பு உறை புதிது போல இருந்தது. நகத்தால் அழுத்தினால் உள்ளே 'நறநற' என்று பொடிந்தது. உறையைக் கீறியதும் பச்சைப் பொடி கொட்டியது, செம்பு ஏழெட்டு இழைதான் மிச்சம். செல்ஃப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அந்த மாற்று செல்ஃப் மூன்று வருடம் என் மேசையில் கிடந்தது.

அந்தக் கேபிள் சோதனையை நீங்களும் செய்யலாம், வெள்ளிக்கிழமைக்குள் செய்யத்தக்க சோதனைகளில் அது முக்கியமானது. கியர் நியூட்ரலில் இருக்கட்டும், கை பிரேக் போட்டிருக்கட்டும்.

இதெல்லாம் தேறிய பிறகும் 'டக்' என்றால் மெக்கானிக் சொன்ன செல்ஃபுக்கு வரலாம். அங்கேயும் முழு மோட்டாரை மாற்றத் தேவையில்லாமல் போகலாம். பல மாடல்களுக்கு சோலனாய்டும் பிரஷ்ஷும் தனியாகக் கிடைக்கும், நல்ல எலெக்ட்ரீஷியன் ஒரு மதியத்தில் போட்டுவிடுவார். தேய்ந்த பிரஷ் என்றால், ஒருவர் சாவியைத் திருப்பிப் பிடித்திருக்க, செல்ஃபின் உடம்பில் ஸ்பேனரின் பின்பக்கத்தால் மெல்லத் தட்டினால் சில நேரம் எடுத்துவிடும். எடுத்தால் அதுவே நோயைச் சொல்லிவிட்டது. ஓங்கி அடிக்க வேண்டாம், இன்றைய செல்ஃப்களில் பலவற்றுக்குள் இருப்பது காந்தக் கட்டிகள், உடைந்துவிடும். செல்ஃப் 'விர்ர்' என்று தனியாகச் சுற்றி இன்ஜின் அசையாவிட்டால், முன்பக்கப் பற்சக்கரத்தைக் கோத்துவிடும் பெண்டிக்ஸ் போயிருக்கிறது.

ஜம்ப் கொடுப்பதை, அதாவது இன்னொரு வண்டியின் பேட்டரியிலிருந்து மின்சாரம் வாங்கி எடுப்பதைப் பற்றி. சிவப்பை முதலில் காலியான பேட்டரியின் பிளஸ்ஸிலும், அதன் மறு முனையை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸிலும் மாட்டுங்கள். கறுப்பை நல்ல பேட்டரியின் மைனஸிலும், கடைசி முனையை உங்கள் இன்ஜினில் வண்ணம் பூசாத ஏதாவது இரும்பிலும் கவ்வுங்கள். அந்தக் கடைசி முனையில் பொறி வரும், பேட்டரியின் மேல் ஹைட்ரஜன் வாயு நிற்கும், இரண்டும் சந்திக்கக் கூடாது. அதற்காகத்தான் தள்ளி மாட்டுவது. பிளஸ்ஸையும் மைனஸையும் மாற்றி மாட்டினால், ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் கொடுக்கும் டைனமோவின் டையோடிலிருந்து கணினிப் பெட்டி வரை எது வேண்டுமானாலும் எரியலாம். ஐந்து நிமிடம் அடுத்த வண்டியை ஓடவிட்டுப் பிறகு முயலுங்கள்.

ஜம்பில் உடனே பிடித்தால் செல்ஃபின் மேல் பெரும்பாலும் தவறில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரியில் மீட்டரை வையுங்கள். 13.8லிருந்து 14.5க்குள் காட்டினால் டைனமோ வேலை செய்கிறது. 12.3 காட்டிக் குறைந்துகொண்டே வந்தால், புதுப் பேட்டரி வாங்கிப் போட்டாலும் இரண்டு நாளில் அதுவும் படுத்துவிடும். ஓடும் வண்டியில் பேட்டரி டெர்மினலைக் கழற்றி, நின்றுவிடுகிறதா பார் என்று டைனமோவைச் சோதிக்கும் பழைய வித்தை ஒன்று உண்டு. அம்பாசடர் காலத்தில் அது ஓடியது. இன்றைய காரில் செய்தால் கணினிப் பெட்டிக்குக் காசு எடுத்து வைத்துவிட்டுச் செய்யுங்கள்.

பேட்டரிக் கடைக்காரர் காலியான பேட்டரியைச் சோதித்தாரா, சார்ஜ் ஏற்றிய பிறகு சோதித்தாரா என்றும் கேளுங்கள். பதினைந்து நாள் பட்டினி கிடந்தவனை ஓடச் சொல்லிவிட்டு, இவன் நோயாளி என்று எழுதித் தருவது போன்றது காலி பேட்டரியில் செய்யும் சோதனை. இரவு முழுக்க மூன்று நான்கு ஆம்பியரில் மெதுவாக ஏற்றச் சொல்லுங்கள், சில மணி நேரம் ஆறவிட்டு, சுமை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அப்போதும் படுத்தால் வாதமே இல்லை, புதிது வாங்குங்கள். ஜம்ப் கொடுத்து அரை மணி நேரம் ஊரைச் சுற்றினால் நிறைந்துவிடும் என்பதும் தவறான நம்பிக்கை. டைனமோ இருக்கும் சார்ஜைக் காப்பாற்றத்தான், காலிப் பானையை நிரப்ப அல்ல.

செல்ஃப் எடுக்கும், ஆனால் பிடிக்காது என்ற முதல் வகை உங்களுக்கு இப்போது இல்லை. ஆனாலும் ஜம்ப் கொடுத்த பிறகு அது தலைகாட்டலாம், நின்று கிடந்த வண்டி இல்லையா. அதனால் கொஞ்சம் சொல்லி வைக்கிறேன்.

சாவியை ஆன் வரை மட்டும் திருப்பிவிட்டு, ரேடியோவை நிறுத்தி, பின் சீட்டுப் பக்கம் காது கொடுங்கள். இரண்டு வினாடி 'ஊம்ம்' என்று பெட்ரோல் பம்ப் ஓடி நிற்க வேண்டும். சத்தம் இல்லாவிட்டால் அதன் ஃப்யூஸ், பிறகு ரிலே. ஹாரனுக்கு அதே எண்ணுள்ள ரிலே இருந்தால் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டாலே உண்மை தெரிந்துவிடும். பம்ப் ஓடுகிறது என்றால் செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள்ளைக் கவனியுங்கள். நிறைய வண்டிகளில் முள் கொஞ்சம் எழும்பி ஆடும். செத்த முள்ளாகக் கிடந்தால், இன்ஜின் சுற்றுவதைக் கணினிக்குச் சொல்லும் கிராங்க் சென்சார் மேல் சந்தேகம். சூட்டில் மட்டும் பிடிக்காமல், அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றும் நடக்காதது போலப் பிடிக்கும் வண்டிகளில் இந்த சென்சார்தான் பெரும்பாலும் குற்றவாளி, ஸ்கேனரில் பி0335 என்ற குறி விழுந்திருக்கும். சாவிப் படமோ பூட்டுப் படமோ டாஷ்போர்டில் கண் சிமிட்டிக்கொண்டிருந்தால் வண்டி உங்கள் சாவியை அடையாளம் காணவில்லை, வீட்டில் இருக்கும் இரண்டாவது சாவியைத் தேடுங்கள்.

பதினைந்து நாள் நின்ற வண்டி என்றால் பானட்டைத் திறந்ததும் எலியைத் தேடுவேன். தேங்காய் நார், கந்தல், கொய்யா விதை என்று இன்ஜின் மேல் சீமந்தம் நடந்த வீடு போல இருக்கும். சென்சார் கம்பிகளை அது நேர்த்தியாக, பிளேடால் வெட்டியது போல வெட்டும். புகையிலைக் கட்டுத் தொங்கவிட்டால் வராது என்பார்கள். புகையிலையை மெத்தையாகப் போட்டுக் குட்டி போட்டிருந்த எலியை நான் பார்த்திருக்கிறேன்.

பெட்ரோல் நாற்றம் தூக்கலாக அடித்தால் பிளக் நனைந்திருக்கிறது. குளிர்ந்த வண்டியை எடுத்து, பத்தடி நகர்த்தி, உடனே அணைத்தவர்களுக்கு இது வரும். ஆக்ஸிலரேட்டரை அடிவரை மிதித்துப் பிடித்துக்கொண்டு ஐந்தாறு வினாடி செல்ஃப் அடியுங்கள். பெரும்பாலான பெட்ரோல் கார்களில் கணினி அதைப் புரிந்துகொண்டு பெட்ரோலை நிறுத்திவிடும், உள்ளே காற்று மட்டும் போய்க் காயவைக்கும். எந்தச் சோதனையிலும் ஒரே மூச்சில் பத்து வினாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள். ஒரு நிமிடம் ஆறவிட்டு அடுத்தது.

டீசல் வண்டிக்காரர்கள் யாராவது இதைப் படித்தால்: சாவியை ஆன் செய்ததும் டாஷ்போர்டில் எரியும் சுருள் படம் அணையும்வரை பொறுங்கள், டீசல் ஃபில்டரில் தண்ணீர் இறங்கியிருக்கிறதா பாருங்கள், டேங்க் ஒருமுறை வறண்டிருந்தால் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றாமல் பல வண்டிகள் பிடிக்காது.

செல்ஃபைத் தொடவே கூடாத நிலைகள் இரண்டு. ஓடிக்கொண்டிருந்தபோது சட்டென்று நின்று, இப்போது செல்ஃப் அடித்தால் வழக்கமான 'கர்ர் கர்ர்' என்ற ஏற்ற இறக்கம் இல்லாமல் 'விய்ய்' என்று லேசாக, வேகமாகச் சுற்றினால் டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். மேலும் சுற்றினால் பல இன்ஜின்களில் பிஸ்டனும் வால்வும் மோதிக்கொள்ளும். இன்னொன்று, தண்ணீரில் நின்ற வண்டி. சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் புயலிலும் இப்படித்தான் பல இன்ஜின்கள் போயின. தண்ணீர் வடிந்தது, பேட்டரியில் உயிர் இருந்தது, எடுக்கிறதா பார்ப்போம் என்று திருப்பினார்கள். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்து பிஸ்டன் மேலே வந்தால் கனெக்டிங் ராடு வளைகிறது. இன்ஜினுக்கென்று தனிக் காப்பு எடுக்காத பாலிசிகளில் இதற்குப் பணம் கிடைப்பது அரிது. இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.

இனி வெள்ளிக்கிழமை. டெர்மினலைச் சுத்தம் செய்து, எர்த்தைச் சோதித்து, பேட்டரியை ஓர் இரவு சார்ஜ் ஏற்றிவிட்டு, வியாழன் காலையில், அதாவது இரவு முழுக்க நின்ற வண்டியில், மூன்று எண்களைக் குறியுங்கள்: ஓய்வில், செல்ஃப் சுற்றும்போது, இன்ஜின் ஓடும்போது. 12.4க்கு மேல், 9.6க்கு மேல், 14ஐ ஒட்டி என்று வந்தால் தயங்காமல் போய்வாருங்கள். ஓர் இரவுக்குள் முதல் எண் 12.2க்குக் கீழே வந்துவிட்டாலோ, சுற்றும்போது 9.6க்குக் கீழே சரிந்தாலோ பேட்டரிக் கடைக்காரர் சொன்னதுதான் சரி, அன்றே மாற்றிவிடுங்கள். மாற்றிய பிறகும் இரவில் வோல்டேஜ் இறங்கினால் கசிவு எங்கே என்று தனியாகத் தேட வேண்டும், அது பயணம் முடிந்த பிறகு. முதல் எண்ணில் குறை இல்லை, டெர்மினலும் எர்த்தும் சுத்தம், இருந்தும் ஒற்றை 'டக்' திரும்ப வந்தால் மெக்கானிக் வென்றார். அந்த நிலையில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கிளம்ப வேண்டாம்.

10 எண் ஸ்பேனரையும் ஜம்பர் கேபிளையும் வண்டியிலேயே போட்டுக்கொள்ளுங்கள். கையால் கியர் போடும் வண்டி என்பதால் இன்னொன்றும் உண்டு. அடியோடு காலியான பேட்டரியில் இன்றைய காரைத் தள்ளி எடுக்க முடியாது, பம்புக்கும் கணினிக்கும் மின்சாரம் வேண்டும். ஆனால் செல்ஃப் மட்டும் மக்கர் செய்தால் சாவியை ஆன் செய்து, இரண்டாவது கியரில் கிளட்சை விட்டு எடுத்துவிடலாம். எனவே மலையடிவாரத்தில் நிறுத்த இடம் தேடும்போது, வண்டியின் முகம் சரிவைப் பார்த்து இருக்கும்படி நிறுத்துங்கள்.